அழிச்சிட்டு நிறுவு

— எடுத்து வச்சிட்டேன்னு வாயால சொன்னாப் போதாது அத்தை. அந்த வெளி ஹார்ட் டிஸ்க்குல நாலு ஃபைலைத் திறந்து பாருங்க. விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போட்டா லேப்டாப்புல பழசு ஒண்ணும் மிஞ்சாது.

— பார்த்துட்டேன் கண்ணு. அச்சகத்துக்காரர் குடுத்த மூணு பாடப்புத்தகமும் திறக்குது. நான் பிழை திருத்தின பக்கமெல்லாம் அப்படியே இருக்கு.

— தமிழ் எழுத்துரு?

— அதுவும் எடுத்தாச்சு. இரு, இதை நோட்டுல எழுதிக்கறேன்.

— எதுக்கு எழுதிக்கிட்டு? மாசத்துக்கு ஒரு தடவை இந்த லேப்டாப் படுத்துக்கும், நான் வந்து எழுப்பி விடுவேன். இந்தத் தடவைதான் நீங்க பென்டிரைவைக் கூரியர்ல அனுப்பு, நானே போட்டுக்கறேன்னு ஒத்தக்கால்ல நிக்கறீங்க. காலைல இருந்து ஆஸ்பத்திரில முப்பது கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு வந்திருக்கேன். கண்ணைச் சொருகுது.

— குரலே சொல்லுது. சார்ஜர் மாட்டிட்டேன், பென்டிரைவும் போட்டுட்டேன். மேல சொல்லு.

— ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. ஆன் பண்ணின கையோட எஃப் பன்னெண்டைத் தட்டிக்கிட்டே இருங்க.

— தட்டறேன்... ப்ச், பழைய விண்டோஸே வந்து நிக்குது.

— லேட்டாத் தட்டியிருக்கீங்க. திரும்பவும் பண்ணுங்க.

— ஆங், இப்போ கறுப்பா ஒரு பட்டியல் வந்திருக்கு கண்ணு!

— அதுல யூ.எஸ்.பி.ன்னு இருக்கறதை எடுங்க. அப்புறம் மொழி, கீபோர்டுன்னு ஒவ்வொண்ணாக் கேக்கும், பதில் சொல்லிக்கிட்டே போங்க. தப்பா நினைக்காதீங்க அத்தை, இதையெல்லாம் உங்க பையன்கிட்டக் கேக்கக் கூடாதா?

— அவனா? தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கும்பான். பொருளானாலும் ஆளானாலும் அவனுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்.

— விடுங்க. விவாகரத்து ஆகி மூணு வருஷம் ஆச்சு, இப்போ எதுக்கு அந்தப் பேச்சு.

— நானா எடுத்தேன்? நீதானே ஆரம்பிச்சே.

— சரி, நான்தான். இப்போ என்ன வந்திருக்கு?

— டிஸ்க்கை முழுசா அழிச்சிட்டு நிறுவவான்னு கேக்குது. அமுக்கிடலாமாடி?

— அமுக்கிட்டா அமுக்கினதுதான், திரும்ப வராது. பயமா இருந்தா மூடி வச்சிடுங்க. ஞாயித்துக்கிழமை நானே வரேன்.

— வேணாம். நீ வராதே.

— என்ன அத்தை, நான் சலிச்சுக்கிட்டேன்னு கோவமா?

— உன்மேல எனக்கென்ன கோவம்? அடுத்த மாசம் உனக்குக் கல்யாணம்னு காதுல விழுந்துச்சு.

— அத்தை... நானே சொல்லணும்னுதான் இருந்தேன். எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல.

— நல்லா இருப்பே தங்கம். புது வீட்டுக்குப் போற பொண்ணைப் பழைய மாமியார் மாசாமாசம் கூப்பிட்டுக்கிட்டு இருக்கக் கூடாதுல்ல, அதான் நானே கத்துக்கறேன். அமுக்கிட்டேன், அடுத்தது சொல்லு.