மாப்பிள்ளைக்குச் செய்த கத்தி

டீக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் ஐயா. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஆனாலும் இதமாக இருக்கிறது. என் தங்கை வீட்டுக்காரர் ஆனந்த்ராஜ் காட்டுப்பன்றி கிழித்துச் செத்ததை விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்ல வரவில்லை. அவர் கையில் இருந்த கத்தியைப் பற்றி ஊரில் தப்பாகப் பேசுகிறார்கள். அதைச் சரிசெய்யத்தான் வந்தேன்.

என் பெயர் ஞானதாஸ். நாகல்நகரில் பட்டறை வைத்து வேட்டைக் கத்தி செய்கிறேன். இந்தக் காலத்தில் யார் வேட்டைக்குப் போகிறார்கள் என்று கேட்பீர்கள். வாங்குகிறவர்கள் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். இரும்பை யார் வேண்டுமானாலும் அடிப்பார்கள். என் பெயர் நின்றது பிடியால்தான். சாலையை அகலப்படுத்த வெட்டிப்போட்ட புளியமரங்களில் முடிச்சு விழுந்த துண்டாகத் தேடி எடுப்பேன். அறுத்துத் தேய்த்தால் உள்ளே கருப்பும் பழுப்புமாக வரி ஓடும். ஒரு துண்டில் இருப்பது இன்னொன்றில் இருக்காது. எண்ணெய் காட்டி, நிழலில் ஆறப்போட்டு, மறுபடி தேய்த்து என்று மாதக்கணக்கில் இழுக்கும். நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளாத ஆள், பொறுமைக்குப் பஞ்சமில்லை.

தங்கை டெய்சியின் கல்யாணத்துக்கு, என்னிடம் இருந்ததிலேயே நல்ல கத்தியை மாப்பிள்ளைக்குக் கொடுத்தேன். அவர்கள் மகள் மாதா கோயிலில் புதுநன்மை வாங்கிய அன்று விருந்துக்குப் போனேன். கொல்லைப்புறத்தில் சமையல் நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை அந்தக் கத்தியைத் தலைகீழாகப் பிடித்து, பிடியால் பூண்டு தட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ள இது" என்றேன்.

"கத்திதான மச்சான். இம்புட்டு கனமா இருக்கு, பூண்டு தட்டத் தோதா இருக்கு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிரியாணி மறுபடியும் வாங்கிச் சாப்பிட்டேன்.

அவர் நல்ல மனிதர், அதை மறைக்கக் கூடாது. என் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது பெற்ற பிள்ளை மாதிரி தூக்கிக் குளிப்பாட்டியவர். ஆனால் அந்தப் பிடியை நான் கையில் வாங்கியபோது வரி ஓடிய இடமெல்லாம் நசுங்கியிருந்தது. "வாடை ஏறிருச்சு மாப்ள, புதுசா ஒண்ணு செஞ்சு தாரேன்" என்று சொல்லி எடுத்து வந்தேன்.

சின்னாளப்பட்டி தாண்டி, சிறுமலை அடிவாரத்தில் அவருக்கு மக்காச்சோளக் காடு. பன்றி இறங்கினால் கதிர் மிஞ்சாது. வேலியோரம் கம்பிச் சுருக்கு வைப்பார். மாட்டிக்கொண்ட பன்றியைக் கிட்டப் போய்க் கத்தியால் முடிப்பார். சட்டப்படி தப்பு, உங்களுக்குத் தெரியாதது இல்லை.

பிடிக்குள் புதைகிற இரும்பை நாங்கள் வால் என்போம். கத்தியின் பலமே அதில்தான் இருக்கிறது. புதுக் கத்தியின் வாலை, வெளியே தெரியாத இடத்தில், முக்கால்வாசி அறுத்தேன். அதன்மேல், நான் சேர்த்து வைத்திருந்ததிலேயே அழகான துண்டைப் பூட்டினேன். கத்தி வாங்குகிற எல்லோரும் ஒரே சோதனைதான் செய்வார்கள், முன்கை மயிரைச் சிரைத்துப் பார்ப்பார்கள். மாப்பிள்ளையும் சிரைத்துப் பார்த்தார். பிறகு பிடியை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "என்னா வரி மச்சான், இத வச்சுப் பூண்டு தட்ட மாட்டேன்" என்றார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. ஆனால் வாலை அறுத்தாகிவிட்டதே.

பெரிய பன்றி மாட்டியிருக்கிறது என்று ஒரு காலையில் போன் பண்ணினார். நானும் போனேன். காட்டில் நாங்கள் இருவர்தான். மாப்பிள்ளை விலாவில் ஓங்கிக் குத்தினார். அலகு பன்றிக்குள் நின்றுகொண்டது, பிடி மட்டும் கையோடு வந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார், பாவம். பன்றி திரும்பித் தொடையைக் கிழித்தது. "மச்சான், மச்சான்" என்று கூப்பிட்டார். என் கையில் வேல்கம்பு இருந்தது. ஆனால் பிடி சேற்றில் விழுந்து கிடந்தது, ரத்தம் மரத்தில் ஊறினால் போகாது. அதை எடுத்து வேட்டியில் துடைத்தேன். அதற்குள் அவர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

பிறகு வந்த ஆட்கள் கேஸுக்குப் பயந்து, பன்றியை அடித்து அலகோடு சேர்த்துப் புதைத்துவிட்டார்கள். நானும் பேசாமல்தான் இருந்தேன். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும், கோயில் வாசலில் டெய்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை பேர் முன்னால் சொன்னாள்:

"நீ வெசனப்படாதண்ணே. கத்தியில ஏதோ கோளாறு, ஒடிஞ்சு போச்சு. நீயா வேணும்னு செஞ்ச? நான் உன்னைய மன்னிச்சுட்டேன்."

சுற்றி நின்றவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. நான் செய்யாத தப்புக்கு அவள் என்னை மன்னித்திருக்கிறாள், ஐயா.

இதோ அந்தப் பிடி. உள்ளே வாலின் முனையைப் பாருங்கள், ரம்பம் போன தடம் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கிறது. கோளாறான இரும்பு இப்படி ஒடியாது. கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என் வேலையில் குறை என்று மட்டும் எழுதாதீர்கள்.