பெற்றவளுக்குச் சுறாப்புட்டு

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ். எனக்கு முன்சீட்டில் ஒரு மீனவரும் அவர் மனைவியும். அந்த அம்மாளின் மடியில் தூக்குவாளி.

"மாமா, நீ புடிச்சாந்த சுறாவ நான் புட்டு செய்யல."

"ஏன்? நம்ம பொண்ணுக்குப் பால் ஊறட்டும்னுதானே கொண்டாந்தேன். அவ புள்ள பெத்து ஒரு வாரம்கூட ஆவல."

"அறுத்துப் பாத்தா வயித்துல நாலு குட்டி. பெத்தவளுக்கு அத எப்பிடிக் குடுக்கறது?"

அவர் மனைவியின் மடியிலிருந்த தூக்குவாளியைப் பார்த்தார்.

"அப்ப தூக்குல என்னா?"

"கிழங்கான் மீன் கொழம்பு. தூண்டில்ல புடிச்ச புது மீனா பாத்து வாங்குனேன். பூண்டு ஜாஸ்தி போட்டிருக்கேன்."

அவர் வாளியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"இனிமே வயிறு பெருத்த சுறா வலையில உசுரோட வந்தா வுட்டுடுறேன். அதுவும் போயி நல்லபடியா பெத்துக்கட்டும்."