பழனியப்பன் இறந்துவிட்டார்

பிறர் எழுதிக் கொடுத்த தாளில் கையெழுத்துப் போடும் பழக்கம் எனக்கு இல்லை. அரசாங்கக் கந்தோரில் இருபத்தாறு வருடக் குமாஸ்தா வேலையில் ஒருநாளும் செய்ததில்லை. ஆகவே, தம்பி சிவசம்பு, நீர் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வந்த அரைப்பக்கத்தை ஓரமாக வைத்துவிட்டேன். கார்த்திகேசு ஆகிய நான் என் வாக்குமூலத்தை என் கையாலேயே, தமிழில் எழுதுகிறேன். நீர் எதிரே உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையே பார்க்கிறீர். துறைமுகத்துக்குப் போகும் மூன்றரை மணிக் கிள்ளான் ரயிலைப் பிடித்து, இன்றைய கப்பல் தபாலில் இதைச் சேர்க்க வேண்டும் என்கிறீர். நியாயந்தான்.

இந்தத் தபால் போனால் அரபுக் கரையில் அகப்பட்டிருக்கும் சின்னையா பிழைப்பான். அடுத்த தபாலுக்குப் பதினைந்து நாள் ஆகும், அதற்குள் அவனைப் பாலைவனத்துக்குள் விற்றுவிடுவார்கள், அங்கே எந்தக் கப்பலும் போகாது, எந்த ஷேக்கின் சொல்லும் செல்லாது என்று சொன்னீர். தந்தியை அங்கே நம்பமாட்டார்கள். முந்திய பதிலை எழுதிய கைதான் அதைத் திருத்திக் கையெழுத்திட வேண்டும் என்பது நம் கந்தோர்த் துரையின் உத்தரவு. எல்லாம் எனக்கு விளங்கியது. ஒழுங்காக எழுத விடும்.

பவுனம்மாளிலிருந்து தொடங்க வேண்டும். இப்போது அடுப்படியில் உமக்குக் கோப்பி போடுகிறாளே, அவள்தான். என் மனைவி இறந்த மறுவருடம், ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்திரண்டில், மனு எழுதித் தரச் சொல்லி என் வாசலுக்கு வந்தாள். புருஷன் சின்னையா பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே கூலி லயத்தில் இருந்தவன். ஹஜ் பயணிகளை ஏற்றிப்போகும் கப்பலில் கரி அள்ளப் போனான். திரும்பும் வழியில் ஏதோ துறையில் காய்ச்சலோடு அவனை இறக்கிவிட்டுக் கப்பல் வந்துவிட்டது. அதன்பிறகு தகவல் இல்லை. அவளுக்கு எழுத்து வாசனை கிடையாது. நான் எழுதினேன். இவ்வளவு நல்ல மனுஷரா என்று அழுதாள். அந்த மாதமே என் வீட்டுச் சமையலுக்கு வந்துவிட்டாள்.

வீடு வீடாயிற்று. அதை மறைக்க மாட்டேன். சாப்பாட்டுக்கு யாரோ காத்திருக்கிறார்கள் என்ற நினைப்போடு கந்தோரிலிருந்து நடந்து வருவது என்னவென்று உமக்குத் தெரியாது. உமக்கு வீட்டில் மனைவி குணபூசணி இருக்கிறாள். நான் பவுனம்மாளிடம் ஒருநாளும் முறைகேடாக நடந்ததில்லை. முருகன் மேல் ஆணையாகச் சொல்வேன்.

மாதம் ஒரு மனு எழுதினேன். எழுதி, வாசித்துக் காட்டி, பெருவிரல் ரேகை வாங்கிக்கொள்வேன். மறுவாரம், "கடிதாசி எதாச்சும் வந்துச்சாங்கய்யா?" என்பாள். "இல்லை, பவுனம்மா" என்பேன். அந்த மனுக்கள் அத்தனையும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. ஒன்றைக்கூட நான் கிழித்ததில்லை.

போன வருடம் மார்ச்சில் அந்தக் கடிதம் வந்தது. அரபுக் கடற்கரையில் முத்துக்குளிக்கும் ஊர் ஒன்றிலுள்ள நமது அரசாங்க ஏஜண்டு எழுதியிருந்தார். பம்பாய்க்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்று ஏற்றிய படகுக்காரன் சின்னையாவை அங்கே ஒரு முத்துப் படகுத் தலைவனுக்கு விற்றுவிட்டான். நாலு வருடம் கடலுக்குள் முங்கியவன், ஒருநாள் ஓடிவந்து ஏஜண்டு வீட்டுக் கொடிமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அப்படிப் பிடித்த அடிமையை விசாரிக்காமல் திருப்பிக் கொடுப்பதில்லை என்பது அந்தக் கரையின் வழக்கம். அவனை விடுவிக்கக் கேட்டு ஏஜண்டு அந்த ஊரை ஆளும் ஷேக்குக்கு எழுதினார். போர்க்கப்பல் ஒன்றும் துறைக்கு முன்னால் வந்து நின்றது. கடற்கொள்ளையும் அடிமை வியாபாரமும் இனிச் செய்வதில்லை என்று பாட்டன் காலத்திலேயே முத்திரை போட்டுக் கொடுத்த வம்சம் அது. ஷேக் மரியாதையாகவே பதில் சொன்னார்: உங்கள் பிரஜை என்று நிரூபித்தால் கூட்டிப்போங்கள், இல்லையென்றால் அவன் என் படகுத் தலைவனுடைய ஆள்.

நிரூபிக்க வேண்டியது எங்கள் கந்தோர். கந்தோரில் அந்த வேலை என்னுடையது.

அடையாளமாக, இடது காலில் சுண்டுவிரல் இல்லை என்று எழுதியிருந்தது. அன்று சாப்பிடும்போது பேச்சுவாக்கில் பவுனம்மாளைக் கேட்டேன். "ஆமாங்கய்யா, ரயில் கட்டை விழுந்து போயிடுச்சு. ஏங்கய்யா, எதாச்சும் தெரிஞ்சுதா?" என்றாள். கரண்டி அவள் கையிலேயே நின்றுவிட்டது. முகம் முழுக்கச் சிரிப்பு. அத்தனை வருடத்தில் எனக்காக அவள் அப்படிச் சிரித்ததில்லை. எனக்குப் பயம் வந்தது, தம்பி. சும்மா கேட்டேன் என்று சொல்லிவிட்டுக் கை கழுவினேன்.

மறுநாள் காலை பதில் எழுதினேன். அதில் ஒரு பொய்கூடக் கிடையாது; இதைக் கவனமாக வாசியும். ஏஜண்டு அவன் பெயரைப் பழனியப்பன் சின்னையா என்று குறித்து, கடிதம் முழுக்கப் பழனியப்பன், பழனியப்பன் என்றே எழுதியிருந்தார். தகப்பன் பெயர் முன்னாலும் தன் பெயர் பின்னாலும் வரும் நம் முறை வெள்ளைக்காரருக்கு எங்கே தெரியும்? பழனியப்பன் என்பவர் யார் என்று நம் கந்தோரைக் கேட்டார்கள். பழனியப்பன், ரயில்வே கூலி, ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதின்மூன்றில் மலேரியாவில் இறந்துவிட்டார் என்று எழுதி, மரணப் பதிவின் நகலையும் இணைத்தேன். கேட்ட கேள்விக்குப் பதில். துரை வாசித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார்.

செத்தவன் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறான் என்று முடிவாயிற்று. அடிக்கமாட்டோம் என்ற வாக்குறுதியை வாங்கிக்கொண்டு ஏஜண்டு அவனைப் படகுத் தலைவனிடம் ஒப்படைத்தார். கொடிமரத்திலிருந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்ததாம். போர்க்கப்பல் திரும்பிப் போயிற்று. இந்த மாதம் எனக்குக் கால் வீங்கி லீவில் இருந்தேன். அந்த நேரம் பார்த்து ஏஜண்டின் இரண்டாவது கடிதம், என் மேசை வேலையைப் பார்த்த உமது கையில் விழுந்தது. மனிதருக்கு மனசு ஆறவில்லைப்போல. தகப்பன் பெயரும் மகன் பெயரும் மாறியிருக்குமோ என்று கேட்டிருக்கிறார். கெட்டிக்காரர்.

"அண்ணை, கெதியா எழுதுங்கோ. மூண்டேகால் ஆச்சு" என்கிறீர். குரலை உயர்த்தவும் உம்மால் முடியவில்லை. அடுப்படியில் அவள் இருக்கிறாள். என் கையெழுத்து இல்லாமல் எழுந்து போகவும் முடியவில்லை. "பொறும் தம்பி, அரைகுறையா எழுதினா அங்க திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்" என்றேன். அது உண்மைதானே.

இன்னும் இரண்டு வரிதான். அந்த ஆள் பழனியப்பனின் மகன் சின்னையா என்பதையும், பிரிட்டிஷ் பிரஜை என்பதையும், பவுனம்மாளின் புருஷன் என்பதையும் நான் அறிவேன். அறிந்தே முந்திய பதிலை எழுதினேன். யாரையும் கெடுக்க எழுதவில்லை. வராதவனை எண்ணி ஒருத்தி வாழ்நாள் முழுவதும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்றுதான் எழுதினேன்.

எழுந்துவிட்டீர். ரயில் ஊதிப் போனது எனக்கும் கேட்டது. உட்காரும். தமிழில் எழுதிய வாக்குமூலத்துக்கு எப்படியும் மொழிபெயர்ப்பு வேண்டும், அதற்கு ஒருநாள் ஆகும். அடுத்த தபாலில் இரண்டையும் முறையாகச் சேர்த்தே அனுப்பலாம். இதோ, கையெழுத்துப் போட்டுவிட்டேன். கோப்பியும் வருகிறது. பவுனம்மாளிடம் மட்டும் ஒன்றும் சொல்லிவிடாதேயும், தம்பி. அவள் கண் கலங்கினால் என்னால் தாங்க முடியாது.