உன் அப்பாவின் நான்கு இசைத்தட்டுகள்

பாப்பா,

தட்டைச் சுழலவிடுவதற்கு முன்னால் ஊசியில் இருக்கும் தூசியைத் துடைத்துக்கொள். பஞ்சு வேண்டாம், நார் ஒட்டிக்கொள்ளும். மெல்லிய தூரிகை இருந்தால் நல்லது.

"எங்கப்பா வாசிச்சதுல எதை முதல்ல கேக்கட்டும் பெட்டி மாமா?" என்று கேட்டு எழுதியிருந்தாய். அவர் போன பிறகு பதினாலு வருஷம் அவர் கிதார் சத்தம் காதில் விழுந்தால் எழுந்து போய்விட்டதாகவும் எழுதியிருந்தாய். "ஒரு வரிகூட எனக்குப் பதில் போடாத மனுஷன்" என்று.

நான் இருபத்திரண்டு வருஷம் அவருடைய கிதாரையும், அதன் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் பெட்டியையும் தூக்கியவன். ஏற்று, இறக்கு, இணைப்பைச் செருகு, அவ்வளவுதான் வேலை. அவர் வாசித்த ப்ளூஸ் ராக் இசை என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் முழிப்பேன். ஆனால் அவர் வாசித்ததெல்லாம் பத்தடி தூரத்தில் நின்று கேட்டவன். பதினோரு தட்டு வெளிவந்தது. நாலு கேட்டால் போதும்.

முதலில் சிவப்பு அட்டை. அதைப் பதிவு செய்தபோது உனக்கு ஏழு வயது. ஒலிப்பதிவுக் கூடத்தில் ஆம்ப் பெட்டியின் மூடிமேல் உட்கார்ந்து சாக்கட்டியால் கிறுக்கிக்கொண்டிருப்பாய். நாற்பத்தோரு வயதில் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது நீதான், அந்தக் கறுப்பு மூடியில். "இதுகூடத் தெரியாதா, மக்கு மாமா" என்று என் தலையில் குட்டுவாய். இப்போதும் அடுத்தவர் கையெழுத்தைக் கூட்டித்தான் படிக்கிறேன். உன் கையெழுத்து மட்டும் தடையில்லாமல் ஓடும்.

அந்தத் தட்டில் உன் அப்பாவின் விரல் தண்ணீர்போலப் போகும். ஒலிப்பதிவாளரைச் சுருட்டை என்று கூப்பிடுவோம். முடிந்ததும் அவர் சொன்னார்: "விரல் பேசுது. ஆளு இன்னும் வாயத் தொறக்கல." எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். வீட்டுக்குப் போனால் காலைக் கட்டிக்கொள்ளக் குழந்தை இருக்கிறது. அந்த மனுஷனுக்கு எதைச் சொல்லி அழ வேண்டியிருக்கிறது?

இரண்டாவது சாம்பல் அட்டை. உன் அம்மா உன்னைக் கூட்டிக்கொண்டு போன வருஷம். எங்கே போகிறார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. அப்பா உன் பெரியம்மா வீட்டு வாசலில் இரண்டு தடவை போய் நின்றார், கதவு திறக்கவில்லை. அவருக்கு நிலையாக ஒரு வீடும் இல்லை, தபாலெல்லாம் ஒலிப்பதிவுக் கூடத்துக்குத்தான் வரும். அதை வாங்கி வைப்பது என் வேலை.

உன் முதல் கடிதம் பதிவு நாளன்று காலையில் வந்தது. உறையைப் பார்த்ததுமே உன் கையெழுத்து என்று தெரிந்துவிட்டது. பிரித்தேன், தாளின் தலைப்பில் உங்கள் புது விலாசம் கொட்டை எழுத்தில். பதிவு முடியட்டும், அப்புறம் கொடுக்கலாம் என்று சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். அதில் தப்பு இல்லை என்று நினைக்கிறேன். வேலை நடக்கும்போது குறுக்கே போகக் கூடாது.

இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது பாட்டைக் கேள். ஒரு தந்தியை மேலே வளைத்துவிட்டு இறக்காமல் நிற்பார். அப்போது அவர் பார்த்துக்கொண்டிருந்தது வாசல் கதவை. சுருட்டை கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிதாரைக் கழற்றும்போது அப்பா கேட்டார், "பெட்டி, தபால் எதுனா வந்துச்சா?"

"இல்லண்ணே" என்றேன்.

மறுநாள் கொடுப்பதாகத்தான் இருந்தேன். மறுநாளும் இரண்டு பாட்டு பாக்கி இருந்தது.

நான் ஆத்திரத்திலோ பொறாமையிலோ செய்தவன் இல்லை. நிதானமாக யோசித்தேன். கடிதத்தைக் கொடுத்தால் அடுத்த வண்டியைப் பிடித்து உன்னிடம் ஓடுவார். திரும்பி வரும்போது அந்தப் பழைய சிவப்பு அட்டை விரல்களோடு வருவார். பாரம் தூக்குகிறவனுக்கு ஒன்று தெரியும். எடை தொங்கும்வரைதான் கயிறு விறைப்பாக நிற்கும், எடையை அவிழ்த்துவிட்டால் தொய்ந்துவிடும். அவருக்கு அந்த எடை தேவையாக இருந்தது. தூக்க என்னால் முடியும், அதனால் நான் வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது நீல அட்டை. அதற்குள் முப்பத்தோரு கடிதம் சேர்ந்துவிட்டது. ஆம்ப்பின் பின்பலகையைத் திருகாணி கழற்றித் திறக்கிறவன் நான் ஒருத்தன்தான், அதனால் அங்கேயே அடுக்கி வைத்தேன். உள்ளே பல்பு மாதிரி எரியும் வால்வு சூட்டில் ஓரம் பழுப்பேறிவிட்டது, மன்னித்துக்கொள். அந்தத் தட்டில் கனத்த தந்தியைத் தட்டும்போதெல்லாம் பின்னால் சரசரவென்று ஒரு சத்தம் வரும். சுருட்டை ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதோ என்று அரை நாள் தேடினார். பழைய பெட்டி, அப்படித்தான் என்று சொல்லிவிட்டேன். மாற்றுப் பெட்டி கொண்டுவரப் போனவரை உன் அப்பாதான் தடுத்தார்.

"அத எடுத்துடாதப்பா. உள்ள யாரோ உக்காந்து பேசற மாதிரி இருக்கு."

அந்தச் சத்தத்தைப் பத்திரிகைக்காரர்கள் புகழ்ந்து எழுதினார்கள். அது உன் கடிதக்கட்டு பலகையில் உரசுகிற சத்தம்.

நாலாவது வெள்ளை அட்டை. இதைக் கடைசியில் கேள். உட்கார்ந்து கேள்.

உனக்குப் பதினேழு வயது. "வியாழக்கிழமை காலை வண்டியில தனியா வரேன்ப்பா, ஸ்டேஷன் கடிகாரத்துக்குக் கீழ நிப்பேன், பச்சைக் குடை வச்சிருப்பேன், நீங்க வரலன்னா இனிமே எழுத மாட்டேன்" என்று எழுதியிருந்தாய். மூன்று தடவை படித்தேன். பதிவும் அதே வியாழக்கிழமைதான். அவர் உடம்பு அப்போதே விட்டுப்போயிருந்தது, இடது கை நடுங்கும். இன்னொரு நாள் கிடைக்கும் என்று யாருக்கும் நம்பிக்கை இல்லை.

பதினொரு மணிக்கு ஆரம்பித்தார். ஒரே மூச்சில் ஒன்பது நிமிஷம். எட்டாவது நிமிஷத்தில் கை நின்றுவிடும், வெறும் தொண்டையில் முனகுவார், பிறகு கிதார் அதை வாங்கிக்கொள்ளும். நீ கடிகாரத்துக்குக் கீழே நிற்பது அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். அவருக்குத் தெரியாது, ஆனால் தெரிந்தவர்போல வாசித்தார். அதற்கு மேல் ஒரு மனுஷன் வாசிக்க முடியாது.

சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது மணி நாலு. வண்டி ஓட்டினது நான். ஸ்டேஷன் வழியாகத்தான் பாதை. மழை இல்லை, வெயிலும் இல்லை, ஆனாலும் நீ குடையை விரித்து உயர்த்திப் பிடித்திருந்தாய், தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று. அப்பா பக்கத்து இருக்கையில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். களைத்துப்போன மனுஷனை எதற்கு எழுப்புவது என்று நான் நிறுத்தவில்லை.

நாலு மாசத்தில் போய்விட்டார். இருதயம் என்று டாக்டர் சொன்னார். கடைசி வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா என்னை மறந்துடுச்சு, இல்ல பெட்டி?" என்று கேட்டார்.

"பிள்ளைங்கன்னா அப்படித்தாண்ணே" என்றேன்.

அப்போது கொடுத்திருக்கலாமே என்று நீ கேட்பாய். அத்தனை வருஷத்துக் கடிதத்தையும் ஒரே சமயத்தில் கொடுத்திருந்தால் அந்த இருதயம் தாங்கியிருக்குமா? என்னைவிட அவர்மேல் அக்கறை உள்ளவர் யாரும் அப்போது அந்த அறையில் இல்லை.

அறுபத்துநாலு கடிதமும் இத்தோடு வருகிறது. வந்த தேதிப்படி அடுக்கி, எந்தத் தட்டுக்கு எது என்று உறைமேல் குறித்திருக்கிறேன். எழுத்து நீ சொல்லிக்கொடுத்ததுதான், உனக்குப் புரியும். ஒன்றுகூடத் தொலைக்கவில்லை.

உன் கடிதம் நேற்றுச் சாயங்காலம்தான் கைக்கு வந்தது. விடிந்ததும் முதல் வேலையாக உட்கார்ந்து எழுதிவிட்டேன். பதிலுக்காக ஒருத்தரைக் காக்கவைப்பது பெரிய பாவம், பாப்பா.