வானம் இருக்கிற குளிர்

அண்ணி — ...அது எப்படி தம்பி? செருப்புக் கடையில வாங்குற மாதிரியா? அளவு தப்பாப் போச்சுன்னா?

தம்பி — பனியில சறுக்குற பூட்ஸ அந்த ரிசார்ட்டுலயே வாடகைக்குத் தருவாங்க அண்ணி. கால உள்ள விட்டா கொக்கி கொக்கியா மாட்டி இறுக்குவாங்க. கணுக்கால் அசையாது. மாவுக்கட்டு போட்ட மாதிரி இருக்குமாம்.

அண்ணி — கால் ஒடிஞ்சப்புறம் போடுறத முன்னாடியே போட்டு அனுப்புறாங்களா?

அண்ணன் — நல்லாக் கேட்டா பாரு!

தம்பி — அண்ணா, நீங்க உள்ள தூங்கலையா?

அண்ணன் — நீங்க ரெண்டு பேரும் சமையக்கட்டுல உக்காந்து மலை ஏறிட்டு இருக்கீங்க. நான் எங்க தூங்குறது? ...அது சரி, பழக்கமில்லாதவங்களுக்குத் தனியா சரிவு இருக்கா?

தம்பி — இருக்குண்ணா. பச்சைப் பலகை வச்சிருப்பாங்க. அதுலதான் விடுவாங்க. சின்னப் பசங்களும் நாமளும் ஒரே கிளாஸ்.

அண்ணி — ஐயோ, மானம் போயிடும்!

தம்பி — போகாது. மொத பாடமே விழுறதுதான். பக்கவாட்டுல விழணும். நிக்கணும்னா பூட்ஸுக்கு அடியில மாட்டின சறுக்குக் கட்டை ரெண்டோட முன் நுனியையும் ஒட்ட வச்சு, பின்பக்கம் விரிக்கணும். இதோ, இந்தக் கரண்டி ரெண்டையும் கட்டைன்னு வச்சுக்கோங்க... இப்படி...

அண்ணி — ஏய், பாத்து, பாத்து!

அண்ணன் — என்ன சத்தம் அது?

அண்ணி — ஒண்ணுமில்லைங்க. உங்க தம்பி சறுக்கிக் காட்டுறேன்னு குக்கர் மூடியத் தள்ளி விட்டான்.

அண்ணன் — அவன் சமதரையிலயே விழுறவன். அவன நம்பி நாம மலைக்குப் போறோம்!

தம்பி — சிரிங்க, சிரிங்க. மேல ஏறக்கூட கஷ்டப்பட வேண்டாம்ணா. தரையோட தரையா ஒரு பெல்ட் ஓடும். அதுல சும்மா நின்னாப் போதும், மேல கொண்டு போய் விட்டுடும்.

அண்ணி — பெல்ட்டா? கிடங்குல நான் தினமும் மீன் டப்பா ஏத்தி விடுறேனே, அந்த மாதிரியா?

அண்ணன் — அதே மாதிரிதான். கடைசியில உனக்கும் லேபிள் ஒட்டி அனுப்புவாங்க.

அண்ணி — உங்களுக்குக் கிண்டலா இருக்கு. காலம் பூரா கோல்டு ஸ்டோரேஜுக்குள்ள ஃபோர்க்லிஃப்ட் ஓட்டின மனுஷன். மைனஸ் இருபதுல நின்னு நின்னு மூக்கு மரத்துப் போனவரு. இவருக்குப் பனி பாக்கணுமாம்! வெளியில சொன்னா சிரிப்பாங்க.

அண்ணன் — சிரிக்கட்டுமே. அது தகரக் கூரைக்குக் கீழ, டியூப் லைட் வெளிச்சத்துல இருக்கிற குளிர். எனக்கு வானம் இருக்கிற குளிர் வேணும். சுள்ளுன்னு வெயில் அடிக்கணும், அப்பவும் மூச்சு புகையா வரணும்... மேலேருந்து...

அண்ணி — பேசாதீங்க, பேசாதீங்க. இருமல் நிக்கட்டும். தண்ணி கொண்டு வரவா?

அண்ணன் — வேணாம்... பக்கத்துலயே இருக்கு. ...டேய், கையுறை வாங்குறப்ப உள்ள பருத்தி வச்சதா வாங்காத. வேர்வைய இழுத்துக்கும், அப்படியே உறைஞ்சிடும்.

தம்பி — எனக்கே சொல்றீங்களா? நானும் அதே கிடங்குலதான வேல பாக்குறேன்.

அண்ணன் — சேந்த அன்னிக்கே ஈரக் கையோட இரும்புக் கதவப் புடிச்சவன்தான நீ? கையி ஒட்டிக்கிட்டு, அம்மான்னு நின்னியே, மறந்துட்டியா?

தம்பி — அதையெல்லாம் அண்ணி முன்னாடி எதுக்கு...

அண்ணி — எனக்குத் தெரியாததா? நானே பாத்தேன். இவரு மட்டும் என்னவாம்? கோட்டு, குல்லா, முகமூடின்னு கண்ணு மட்டும் தெரிஞ்ச பொண்ணப் பாத்து, கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டவரு.

அண்ணன் — கேன்டீன்ல நீ முகமூடிய எடுத்தப்புறம் பின்வாங்கினேனா?

அண்ணி — வாங்கியிருந்தா தெரிஞ்சிருக்கும் சேதி!

அண்ணன் — ம்... ரூம் போட்டாச்சா தம்பி?

தம்பி — பாத்துட்டு இருக்கேண்ணா.

அண்ணி — கீழ்த்தளமாக் கேளு தம்பி. படி ஏறுற வேல இருக்கக் கூடாது. கட்டில்ல படுத்தபடியே பாத்தா மலை தெரியணும். பாத்ரூமும் பக்கத்துலயே...

தம்பி — ...சரி அண்ணி.

அண்ணன் — எப்பக் கிளம்புறோம்?

தம்பி — அது... வந்துண்ணா...

அண்ணி — பனி விழ வேண்டாமாங்க? நல்லா விழட்டும். விழுந்தாத்தான சறுக்க முடியும்?

அண்ணன் — அதுவும் சரிதான். ...கொஞ்ச நேரம் கண்ண மூடுறேன். நீங்க பேசுங்க.

தம்பி — சத்தமே காணோம். தூங்கிட்டாரா?

அண்ணி — எட்டிப் பாத்துட்டேன். கண்ண மூடிட்டாரு. மெதுவாப் பேசு.

தம்பி — இனிமே என்னால முடியாது அண்ணி.

அண்ணி — எது?

தம்பி — இல்லாத ரூமுக்கு ஜன்னல் எந்தப் பக்கம்னு சொல்றது. எப்பக் கிளம்புறோம்னு அவரு கேக்குறப்ப எந்தத் தேதியச் சொல்றது?

அண்ணி — நான்தான் பதில் சொன்னேனே.

தம்பி — பனி விழட்டும்னு சொன்னீங்க. அது விழுறப்ப அவரு இருப்பாரா? டாக்டர் சொன்னப்ப நீங்களும் நானும்தான நின்னோம்?

அண்ணி — வேணாம் தம்பி...

தம்பி — இனிமே மருந்து வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லபடியா வச்சுக்கோங்கன்னாரு. இந்தக் குளிர்காலத்த அண்ணன் பாக்க மாட்டாரு அண்ணி.

அண்ணி — வேணாங்குறேன்ல!

தம்பி — நெஜமாவே கூட்டிட்டுப் போக முடியுமான்னு கூடக் கேட்டுப் பாத்தேன். அவ்வளவு உயரத்துல காத்து கம்மி, அவரோட நுரையீரல் தாங்காதுன்னுட்டாங்க.

அண்ணி — கேட்டியா? ...எங்கிட்ட சொல்லவே இல்லையே.

தம்பி — எப்படிச் சொல்றது? ...அண்ணனுக்குச் சொல்லிடுவோம் அண்ணி. அது அவரோட உசுரு. நம்மகிட்ட பேச, நம்மகிட்ட சொல்ல அவருக்கும் ஏதாவது இருக்கும்ல?

அண்ணி — சொன்னா அடுப்புல இருக்கிற இந்த சூப்பையும் தொட மாட்டாரு. ஆஸ்பத்திரியிலேருந்து வந்து ஒரு வாய் இறங்கல அவருக்கு. அன்னிக்கு டிவியில எவனோ பனியில சறுக்கிட்டுப் போனான். நாமளும் போவோங்கன்னு வாய்க்கு வந்தத சொல்லி வச்சேன். எழுந்து உக்காந்துட்டாரு தம்பி! கிண்ணம் காலியாச்சு. அந்தப் பேச்ச நான் எப்படி நிறுத்துவேன்?

தம்பி — நிறுத்த வேண்டாம். ஆனா அவரு பக்கத்துல நீங்க உக்காந்து எத்தன நாளாச்சு? கிண்ணத்த வச்சுட்டு ஓடி வந்துடுறீங்க. நானும் அப்படித்தான், வாசப்படியோட சரி. எல்லாப் பேச்சும் இந்த சமையக்கட்டுலேருந்தே பேசிட்டு...

அண்ணி — என் மூஞ்சிக்குப் பொய் சொல்ல வராதுப்பா. பக்கத்துல உக்காந்தா உடைஞ்சிடுவேன். சுவத்துக்கு இந்தப் பக்கம்னா குரல மட்டும் சிரிக்க வச்சாப் போதும்.

தம்பி — அழுறீங்களா?

அண்ணி — இல்ல. வெங்காயம்.

தம்பி — வெங்காயம் எங்க அண்ணி இருக்கு?

அண்ணன் — ரெண்டு பேரும் இங்க வாங்க.

அண்ணி — ஐயோ... என்னங்க, முழிச்சிட்டீங்களா? இப்பத்தான், அந்த ரூம் விஷயமா...

அண்ணன் — ரூம் கிடக்கட்டும். கிடங்குல குளிர்காத்து ஊதுற புளோயர் சத்தத்துல கத்திக் கத்தியே வேல பாத்த கூட்டம் நாம. உங்களுக்கு ரகசியம் பேச வராது. மெதுவாப் பேசுறதா நெனச்சுக்கிட்டு ஊருக்கே கேக்குற மாதிரிப் பேசுறீங்க.

தம்பி — அண்ணா... எப்பலேருந்து...

அண்ணன் — ஆஸ்பத்திரியிலேருந்து வந்த அன்னிக்கேடா. குழாயத் தொறந்து விட்டுட்டு அழுதா உங்க அண்ணி. நீயும் மெதுவா அழுங்கன்னு கத்தினியே.

அண்ணி — அப்புறம் ஏங்க? ரூம் போட்டாச்சா, பூட்ஸ் வாங்கணுமான்னு தினமும் ஏன் கேட்டீங்க?

அண்ணன் — அந்தப் பேச்சுலதான் உன் குரல் பழையபடி இருந்துச்சு. அதக் கேக்கத்தான் கேட்டேன். சூப்பும் அதுக்குத்தான் குடிச்சேன். ஆனா நீங்க பேசி முடிச்சுட்டு அங்கயே இருந்துடுறீங்க. நான் இங்க தனியாக் கிடக்கேன். எனக்குப் பயமா இருக்கு. வா, வந்து கையப் புடிச்சுக்கோ. அழுறதா இருந்தாலும் இங்க வந்து அழு.