ரோஸ் கலர் எலி

நந்து: ...முடிச்சிட்டேன். கடைசி எலியையும் அளந்து போட்டுட்டேன். கண்ணு ரெண்டும் அவிஞ்சு போச்சு, சாரு.

சாரு: அதுக்குள்ளயா? லேப்டாப்பை இப்படித் திருப்பு.

நந்து: மொதல்ல காபி.

சாரு: பால் அடுப்புல இருக்கு. திருப்புடா.

நந்து: பகலெல்லாம் ஈக்காட்டுத்தாங்கல் கம்பெனில இரும்பு ஷாஃப்ட் அளக்கறேன். ஊட்டுக்கு வந்தா எலி. பொண்டாட்டி பிஎச்டி பண்றான்னு சொன்னா கம்பெனில மரியாதையா பாக்கறானுங்க. எலி வயித்துலன்னு சொன்னா, டிபன் பாக்ஸை எடுத்துகினு தூரப் போயிடறானுங்க.

சாரு: ஒழுங்கா அளக்கத் தெரிஞ்ச ஆள் வேணும்னுதானே உன்னைப் பிடிச்சேன். கல்யாணத்துக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

நந்து: அப்பா... காபி குடிச்சா மாதிரி கீது.

சாரு: இரு... இது என்ன? பாதி எலிப் படத்துல உள்தோல் ஒரேயடியா தடிமன், மீதியில ஒரேயடியா மெலிசு. நடுவுல ஒண்ணுமே இல்லியே.

நந்து: அதானே நீ சொன்னது? மூட்டு வலி மாத்திரை குடுத்தா பொண்ணு எலிக்கு வயித்து உள்தோல் வீங்கித் தடியா இருக்கும், ஆம்பளை எலிக்கு மெலிசுன்னு. உன் தீசிஸே அதான. கரெக்டா வந்துகீது.

சாரு: இருக்கும்னு சொல்லலை, இருக்கலாம்னு சொன்னேன். உன்கிட்ட அதைக்கூடச் சொல்லியிருக்கக் கூடாது. எது ஆண், எது பெண்ணுன்னு தெரியாத ஆள் அளக்கணும்னுதானே லேப்ல அஸ்மத்துன்னிசா எல்லாத்தையும் மறைச்சு, வெறும் நம்பர் போட்டுக் குடுத்திருக்கா.

நந்து: தெரியாமத்தான் அளந்தேன்.

சாரு: என்னைப் பார்த்துச் சொல்லு.

நந்து: ...பால் பொங்குது பாரு.

சாரு: அடுப்பை அணைச்சாச்சு.

நந்து: சரி... தெரியாதுன்னா தெரியாதுதான். ஆனா குன்சா தெரியும்.

சாரு: குன்சாவா? உத்தேசமாவா?

நந்து: ரோஸ் கலர் தூக்கலா இருந்தா பொண்ணு. ஊதா அடிச்சா பையன்.

சாரு: ரோஸா? ஹா ஹா...

நந்து: இன்னா சிரிக்கிற?

சாரு: அது சாயம்டா. சதையை மெலிசா சீவிக் கண்ணாடியில ஒட்டினா ஒண்ணும் தெரியாது. அதனால ரெண்டு சாயம் போடுவோம். ஒண்ணு ரோஸ், ஒண்ணு ஊதா. எல்லா எலிக்கும் அதே ரெண்டுதான். எது ஜாஸ்தி நேரம் ஊறித்தோ, அந்தக் கலர் தூக்கும்.

நந்து: அப்ப பொண்ணுன்னா ரோஸ்னு...

சாரு: அது தி.நகர்ல குழந்தைகளுக்கு கவுன் விக்கறவா வெச்சிண்டிருக்கற வழக்கம். எலிக்கு யார் சொன்னா?

நந்து: டென்சன் ஆனா உனக்கு மைலாப்பூர் பாஷை வந்துடுது.

சாரு: பேச்சை மாத்தாதே. ரோஸா இருந்தா என்ன பண்ணினே?

நந்து: படத்துல உள்தோல் ஓரமா கோடு இழுக்கறப்ப... ஒரு துளி வெளிய தள்ளி இழுத்தேன். ஊதான்னா ஒரு துளி உள்ள.

சாரு: கம்பெனில இப்படிப் பண்ணுவியா?

நந்து: அங்க ஒரு ஷாஃப்டைக் கூட மாத்தி எழுதினதில்ல.

சாரு: பின்னே இங்க?

நந்து: ஷாஃப்ட் பாத்ரூம்ல குழாயைத் தொறந்து வுட்டுகினு அழுவாது. நீ அழுத. போன வாரம்.

சாரு: ...கேட்டுதா?

நந்து: ஒரு பக்கெட் ரொம்ப எம்மாம் நேரம் ஆவும், சாரு? இத்தினி வருச வேலை புட்டுக்கினா நீ தாங்க மாட்டன்னு தோணிச்சு. அதுவுமில்லாம... அம்மா கீதே.

சாரு: அம்மாவுக்கு என்ன?

நந்து: மூட்டு வலின்னு அம்மா, நைனா ரெண்டு பேருக்கும் ஒரே டாக்டரு, ஒரே மாத்திரை. நைனா கல்லு மாதிரி கீறாரு. அம்மா மீன் கூடையாண்டயே ரத்த வாந்தி எடுத்துச்சு. ஆஸ்பத்திரில உக்காந்துகினு நீதான கேட்ட, இந்த மாத்திரையை மொதல்ல எலிக்குக் குடுத்துப் பார்த்தாங்களே, அதுல எத்தினி பொண்ணு எலின்னு. அங்க யாருமே பதில் சொல்லல. உன்னை ரொம்பப் புடிச்சுது எனக்கு, அந்த நேரத்துல.

சாரு: அம்மாவுக்கு அப்படி ஆனதுக்கு எவ்வளவோ காரணம் இருக்கலாம், நந்து. அது தெரியாததாலதான் அளக்கறோம். நாம ஆசைப்படறதையே அளந்து வெச்சா, அது அம்மாவுக்கும் உதவாது.

நந்து: தப்புதான். உன் வேலையவே கெடுத்து வெச்சிட்டேன்.

சாரு: கெடலை. இருபதுல எத்தனை பொண்ணு கண்டுபிடிச்சே?

நந்து: பதினொண்ணு.

சாரு: இந்த ஃபோல்டர்ல ஒரு பொண்ணுகூட இல்லை.

நந்து: இன்னாது?

சாரு: இருபதும் ஆண் எலி. இது சும்மா பழகிப் பாக்கறதுக்கு. நிஜப் படமெல்லாம் நான் இன்னும் உன்கிட்ட குடுக்கவே இல்லை.

நந்து: ...என்னையே டெஸ்ட் பண்ணியா? கட்டின புருசனை?

சாரு: கோவமா?

நந்து: வெக்கமா கீது. பதினோரு ஆம்பளைப் பசங்களுக்கு கவுன் மாட்டி வுட்டுட்டேன்.

சாரு: பரவால்ல, அழகாத்தான் மாட்டியிருக்கே. ஆனா நிஜப் படத்தை உன்கிட்ட குடுக்க முடியாது. என்மேல பாசம் இல்லாத ஆள் அளக்கணும். நாளன்னிக்கு கைடு மேடம்கிட்ட குடுத்தாகணும்.

நந்து: அப்ப எங்க குப்பத்துல ஒருத்தரும் தேற மாட்டாங்க. உன்னைப் புடிக்காதவங்க அங்க யாரு கீறாங்க? உங்க ஆளுங்கள்லதான் பாக்கணும்.

சாரு: ஜானு பெரியம்மா.

நந்து: யாரு... நங்கநல்லூரா? நம்ம கல்யாணம் ஆடி வரைக்கும் தாங்காதுன்னு சொன்னாங்களே, அவங்களா?

சாரு: அவளேதான். ஏஜி ஆபீஸ்ல ஆடிட் பார்த்து ரிடையர் ஆனவ. கூடப் பிறந்த தங்கை ஆசையா வாங்கிக் குடுத்த புடவையை ஸ்கேல் வெச்சு அளந்து, நீளம் குறையறதுன்னு திருப்பி அனுப்பினவ.

நந்து: நான் வந்தா தண்ணி கூடக் குடுக்க மாட்டாங்க.

சாரு: எனக்கும்தான். நம்ம ரெண்டு பேருக்கும் சந்தோஷமா ஒரு முடிவு வரணும்னு துளிக்கூட நினைக்க மாட்டா. அதான் வேணும்.

நந்து: வேணாம், சாரு. அவங்க வாசல்ல போய் உன்னை நிக்க வெக்க எனக்கு மனசு ஒப்பல. நீயே அளந்துடு.

சாரு: கூடாது.

நந்து: ஏன் கூடாது? எனக்குத்தான் சாயம் தெரியாது. நீ படிச்சவ. ஒரு பொய் சொன்னா உன் மூக்கு செவந்துடும், அடுத்த நிமிசம் நீயே ஒத்துப்ப. மேடம்கிட்ட சொல்லு, நான் அளந்தா நாடே நம்பும்னு. நான் நம்பறேன்.

சாரு: போன வாரம் குழாயைத் திறந்து விட்டுண்டு அழுதேனே, எதுக்குன்னு தெரியுமா? அன்னிக்கு அஸ்மத்துன்னிசா ஒண்ணும் சொல்லாம எனக்கும் இதே ஃபோல்டரைத்தான் குடுத்தா. நான் பதினாலு பொண்ணு பார்த்தேன், நந்து... வண்டியை எடு, பெரியம்மா ஆத்துக்குப் போகலாம்.