நான் காணாத மரணம்

"குத்திட்டான்! படு! படு!"

தொப். எறிகணை ஏவும் சத்தம். பதினாறு எண்ணலாம். பதினேழில் விழும். நான் பதினொன்றில் இருக்கிறேன். வாயெல்லாம் மணல். தம்பி ரூபன் என்னை மூடியபடி விழுந்து கிடக்கிறான். விழுகிறது. எங்களுக்கு இல்லை. பக்கத்துப் பங்கர் குழிக்கு. அதில் சித்தியும் பிள்ளைகளும்.

2009 மே. ஞாயிறு. விடிய ஐந்தரை. முள்ளிவாய்க்கால். பாதுகாப்பு வலயம் என்று அரசாங்கம் சொன்ன இடம். நம்பித்தான் வந்தோம். அதற்கு முன்பு சொன்ன இடங்களையும் நம்பினோம். எல்லா இடத்துக்கும் செல் வந்து விழுந்தது. அம்மா இரண்டு கிழமைக்கு முன்பே போய்விட்டா. கஞ்சிக்கு வரிசையில் நின்ற இடத்தில்.

ரூபனுக்குப் பத்தொன்பது வயது. வீட்டுக்கு ஓர் ஆள் என்று இயக்கம் பிடித்துக்கொண்டு போனது. நாற்பதாம் நாள் ஓடி வந்துவிட்டான். எங்களுக்காகச் சண்டை பிடிப்பதாகச் சொன்னவர்கள்தான் எங்கள் வீட்டுக்குள் புகுந்து அவனை இழுத்துப் போனார்கள். இதை எழுதினால் துரோகி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

பாலத்தைக் கடக்கிறோம். கீழே தண்ணீரில் ஆட்கள் மிதக்கிறார்கள். அந்தப் பக்கம் முட்கம்பி. ராணுவம். ஒலிபெருக்கி. ஒரு நாள் இயக்கத்தில் இருந்திருந்தாலும் பதியுங்கள். விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம். நல்ல தமிழ். திரும்பத் திரும்ப.

"அக்கா, நான் போகேல்ல."

"போய்ப் பதிஞ்சுபோட்டு வாடா. பிறகு தெரிய வந்தா எல்லாருக்கும் கரைச்சல்."

சொன்னது நான். தோளில் கை வைத்துத் தள்ளியதும் நான். பச்சை பஸ். பின்னேரம் நாலேகால். இடப்பக்கம், மூன்றாவது யன்னல். பஸ் போனது. அவ்வளவுதான் நான் கண்டது.

பல வருடங்கள் கழித்து இதை டெக்சாஸில், காப்பெலில் இருந்து எழுதுகிறேன். பக்கத்து வீட்டில் இருப்பவர் சோ அங்கிள். கொரிய நாட்டவர். எண்பத்திரண்டு வயது. மனைவி இறந்தபின் தனியாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு சாப்பிடுவார். எனக்கு ஆறுதல் சொல்லாத ஒரே மனிதர் அவர்தான். ஏன் என்று பிறகுதான் தெரிந்தது.

1950 ஜூன். சியோல். அவருக்கு ஏழு வயது. தலைநகர் பத்திரம், அங்கேயே இருங்கள் என்றது வானொலி. சொன்னவர்கள் அதற்குள் ஓடிவிட்டார்கள். ஆற்றுப் பாலத்தை ஆட்களோடு சேர்த்துத் தகர்த்தது வடக்கு அல்ல. தெற்கின் சொந்தப் படை. பிறகு வடக்கின் படை வந்தது. மாணவர்கள் பள்ளிக்கூட முற்றத்துக்கு வரட்டும், கூட்டம் முடிந்ததும் போகலாம் என்றது. அவருடைய பதினேழு வயது அண்ணன் கூரைக்குள் ஒளிந்திருந்தார். இறங்கி வா, எல்லாரும் போகிறார்கள் என்று கூப்பிட்டது சோ அங்கிள். காலுக்குச் சப்பாத்தையும் எடுத்துக் கொடுத்தாராம். அண்ணன் திரும்பவில்லை. இலையுதிர் காலத்தில் தெற்கின் படை திரும்பி வந்தது. உன் மகன் வடக்கோடு போய்விட்டான் என்று தகப்பனை அடித்தது. இரண்டு பக்கமும் கொரியர்தான். இரண்டு பக்கமும் அதே மொழியில்தான் கூப்பிட்டார்கள்.

பல வருடங்கள் கழித்து, வடக்கும் தெற்குமாகப் பிரிந்த குடும்பங்களைச் சந்திக்கவிட்டார்கள். அதற்குள் அமெரிக்கக் குடிமகன் ஆகிவிட்டதால் அவருக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு. சுகர் லேண்டில் இருந்து என் அண்ணா வந்தார். நாலு மணி நேர டிரைவ். சண்டை பெருக முன்பே அமெரிக்கா வந்துவிட்டவர். எஞ்சினியர். கால் வைத்ததும் சொன்னார்:

"இண்டைக்கு ரூபனுக்கு ஒரு படையல் போடு. எத்தினை வருஷத்துக்கு இப்பிடியே இழுக்கிறது?"

வாக்குவாதம் பண்ணத் தெம்பில்லை. ஒரு தட்டு வைத்தேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு. அடுப்பில் ஏதோ பொங்கியது. கரண்டியைச் சோற்றில் குத்தி நட்டுவிட்டு ஓடினேன். எங்கள் வீட்டில் எப்போதும் செய்வதுதான்.

சோ அங்கிள் வந்தார். தட்டைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. அவர்கள் வழக்கத்தில் செத்தவர்களுக்கு வைக்கும் சோற்றில்தான் கரண்டியை நிறுத்தி வைப்பார்களாம். யார் செத்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அண்ணா பையில் இருந்து ஒரு தாளை எடுத்தார். "எங்கட தம்பி. இப்பதான் பேப்பர் வந்தது."

ரூபனின் மரணச் சான்றிதழ். கூடவே விண்ணப்பத்தின் பிரதி. எறிகணை வீச்சில் இறந்தார் என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே: சகோதரி நேரில் கண்டார். என் பெயர். என் கையெழுத்து மாதிரி ஒரு கையெழுத்து.

அம்மாவின் காணியைப் பெயர் மாற்ற ரூபனின் மரணப் பத்திரம் தேவைப்பட்டதாம். எல்லாருக்கும் நிம்மதி என்று நினைத்தாராம். ராணுவம் பொய் சொன்னது. இயக்கம் பொய் சொன்னது. அவர்களை வெறுக்க எனக்குத் தெரியும். ஒரே வயிற்றில் பிறந்தவரை எப்படி வெறுப்பது?

சோ அங்கிள் கரண்டியைப் பிடுங்கி மேசையில் கிடத்தினார். அலுமாரியில் ஒரு மூடியைத் தேடி எடுத்துத் தட்டை மூடினார். அவருடைய தாய் சாகும்வரை தினமும் மூத்த மகனின் சோற்றை இப்படித்தான் மூடி வைத்தாராம். உயிரோடு இருப்பவனின் சோறு ஆறக்கூடாது.

"அண்ணா, நீங்கள் வெளியில போங்கோ."

"பைத்தியம் பிடிச்சிட்டோ உனக்கு?"

"போங்கோ!"

என் மகள் மாடிப்படியில் நின்று, "மாம், ஆர் யூ ஓகே?" என்றாள். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. பகல் ஒன்று இருபது.

அந்தத் தாளில் உள்ளது என் சாட்சி அல்ல. இதுதான் என் சாட்சி. என் கையால் எழுதியது. என் தம்பி இறந்ததை நான் காணவில்லை. உயிரோடு கொடுத்தேன். வாங்கியவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

நான் இழந்தவை. அம்மா. சித்தி. சித்தியின் இரண்டு பிள்ளைகள், ஒன்பது வயதும் நாலு வயதும். என் இடது காதின் கேட்கும் சக்தி. கிணற்றோடு ஒரு வீடு. அம்மாவின் படங்கள் எல்லாம், ஒன்றுகூட மிச்சமில்லை.

ரூபனை இதில் சேர்க்கவில்லை. அண்ணாவைச் சேர்க்கிறேன்.